முதலில் கொட்டகை, பிறகு முயல்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு முயல் வளர்ப்பு

கறிக்காகவும் கண்காட்சிக்காகவும் முயல் வளர்ப்பது பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பொதுவாகப் பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை சும்மா கிடக்கிறது. அதில் ஒரு ஆண், ஐந்து பெட்டை வைத்து ஆரம்பிக்கலாமா? எந்த இனம் வாங்குவது?
– வாசகர், குறிஞ்சிப்பாடி

தகரத்துக்குக் கீழே வேண்டாம். முயலுக்கு வியர்வை வழியே உடம்பைக் குளிர்விக்க முடியாது. காது வழியாகத்தான் பெரும்பகுதிச் சூட்டை வெளியேற்றுகிறது. 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சௌகரியம். 30-ஐத் தாண்டினால் தீனி குறையும், 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தகரத்தின் அடியில் மதியம் நிற்க நம்மாலேயே முடியாது. அங்கேயே இரவு பகலாகக் கூண்டில் அடைபட்டிருக்கும் முயலை நினைத்துப் பாருங்கள்.

தரையில், வேம்பு அல்லது புங்க மரத்து நிழலில் கீற்றுக் கொட்டகை போடுங்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் கூண்டின் மேல் விழாது. நடு உயரம் 9 அடியாவது வேண்டும். பக்கச் சுவர் ஒன்றரை அடி போதும், அதற்கு மேல் கம்பி வலை. மழைக்காலத்தில் இறக்கிவிட ஒரு தார்ப்பாய் கட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். 2011 தானே புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்குக் கூரையை இழுத்துக் கட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. நனைந்த முயலுக்குச் சளி பிடித்தால் பிழைப்பது கடினம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பெட்டைக் கூண்டு 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஆணுக்கு 2 x 2 அடி போதும். அடித்தளத்துக்கு 14 கேஜ் கம்பியில் அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலம் கண்ணுள்ள வெல்டு வலை வாங்குங்கள். கண் பெரிதானால் குட்டியின் கால் சிக்கும், சிறிதானால் புழுக்கை கீழே விழாது. பக்கங்களுக்கு ஓர் அங்குலக் கண் இருக்கலாம். ஆனால் அடியிலிருந்து நாலு அங்குல உயரம் வரை அரை அங்குல வலையைச் சுற்றிக் கட்டுங்கள். குட்டி வெளியே விழாது, எலியும் பாம்பும் உள்ளே வராது. நம் பக்கம் உப்புக் காற்று, கூடவே முயல் மூத்திரம். இரண்டும் சேர்ந்து கம்பியைச் சீக்கிரம் அரித்துவிடும். வெல்டு அடித்த பிறகு துத்தநாக முலாம் போட்ட வலையா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். கூண்டைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வைத்து, கால்களை எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பிறந்த குட்டியை எறும்பு விட்டுவைக்காது.

இனம்: கறிக்கு நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்செல்லா, வெள்ளை ஜெயண்ட். அங்கோரா மலைக்கானது, இங்கே வேண்டாம். முதலில் 2 ஆண், 3 பெட்டை போதும். ஒரு ஆண் 5 பெட்டைக்கு மேலேயே தாங்கும். ஆனாலும் கோடையில் ஒன்று கைவிட்டால் இன்னொன்று வேண்டும். ஆணும் பெட்டையும் ஒரே தாய் வயிற்றுக் குட்டிகளாக இருக்கக் கூடாது.

ஜூன் முதல் மூன்று பெட்டைகளை ஆணோடு சேர்த்தேன். ஏறி விழுகிறது, ஆனால் ஒன்றும் சினை பிடிக்கவில்லை. பெட்டைகளை விற்றுவிடலாமா?
– வாசகர், பாகூர்

விற்காதீர்கள். பெரும்பாலும் குறை ஆணிடம்தான் இருக்கும், அதுவும் தற்காலிகக் குறை. கத்திரி வெயிலில் விரை சூடேறினால் விந்தணு உற்பத்தி கெடும். ஏறும் ஆசை குறையாது, பலன் மட்டும் இருக்காது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். எனவே மே மாதச் சூட்டின் விளைவு ஜூலை வரை தெரியும். வெயில் தணிந்த மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்தக் கடற்கரையில் முயல் வளர்ப்பவர்கள் காலண்டரைப் பார்த்துத்தான் குட்டி எடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. செப்டம்பரிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை சேர்க்கை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் பெட்டைக்கு ஓய்வு. வருடத்துக்கு 6, 7 ஈற்று என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். நம் வெயிலில் நல்ல பெட்டையிடம் 4 ஈற்று எதிர்பார்ப்பதே நியாயம்.

கோடையில் ஆண் முயல்களுக்குக் கொட்டகையிலேயே குளிர்ந்த மூலையைக் கொடுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, துணி சுற்றி 11 மணிக்குக் கூண்டில் வையுங்கள். முயல் தானாகவே அதில் சாய்ந்து படுக்கும். பலரும் நாலாபுறமும் ஈரச் சாக்கு கட்டுகிறார்கள். உள்நாட்டு வறண்ட காற்றுக்கு அது சரி. இங்கே மதியத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தோடுதான் வரும். காற்றை அடைத்துச் சாக்கு கட்டினால் புழுக்கம்தான் கூடும். கூரை மேல் தண்ணீர் தெளித்து, ஒரு பக்கம் மட்டும் சாக்கு போட்டு, எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி விடுங்கள். மின்விசிறி இருந்தால் இன்னும் நல்லது.

வாயைத் திறந்து மூச்சு வாங்கி, மூக்கு நனைந்து, காதைப் படர விட்டுக் கிடந்தால் அது வெப்பத் தாக்கு. காதுகளைச் சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்து, நிழலில் காற்று படும்படி வையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

சேர்க்கும் முறையையும் சரிபாருங்கள். பெட்டையைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெட்டை தன் இடத்தைக் காக்கச் சண்டை போடும், சில சமயம் ஆணின் விரையைக் கடித்துவிடும். அறை (பெட்டையின் பிறப்புறுப்பு) சிவந்து ஈரமாக இருந்தால் பெட்டை தயார், வெளுத்திருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். விடியற்காலையில் விடுங்கள். ஆண் ஒரு சிறு சத்தத்தோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தால் சேர்க்கை முடிந்தது. முயலுக்குச் சேர்க்கைக்குப் பிறகுதான், 10 முதல் 12 மணி நேரத்தில், கருமுட்டை வெளிவரும். அதனால் காலையில் ஒரு முறை, 6 மணி நேரம் கழித்து இன்னொரு முறை சேர்ப்பது பலன் தரும். நீண்ட ஓய்வில் இருந்த ஆணுக்கு இந்த இரண்டாவது முறை மிகவும் அவசியம். வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் ஒரு ஆணைப் பயன்படுத்தாதீர்கள்.

12 முதல் 14-ஆம் நாளுக்குள் பெட்டையின் அடிவயிற்றைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மென்மையாகத் தடவினால் திராட்சை அளவு உருண்டைகள் வரிசையாக நழுவும். அப்படி நழுவினால் சினை. புழுக்கை கடினமாக இருக்கும், கரு வழுக்கும். அழுத்திப் பிதுக்கினால் கரு கலையும். 16, 17-ஆம் நாளிலேயே பெட்டை முடியைப் பிடுங்கிக் கூடு கட்டினால் அது பொய்ச் சினை. உடனே மறுபடி சேர்க்கலாம்.

குட்டி போட்டு இரண்டு நாள் ஆகிறது. தாய் பெட்டிக்குள் போவதே இல்லை. பசும்பால் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறேன், இரண்டு குட்டி செத்துவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, அரியாங்குப்பம்

பசும்பாலை உடனே நிறுத்துங்கள் அம்மா. அது மூச்சுக்குழலில் போய்த்தான் பல குட்டிகள் சாகின்றன. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான், பெரும்பாலும் பின்னிரவிலோ விடியலிலோ, மூன்று நான்கு நிமிடம் பால் கொடுக்கும். மற்ற நேரம் பெட்டிப் பக்கமே வராது. அதன் பாலில் கொழுப்பும் புரதமும் மிக அதிகம், ஒரு முறை குடித்தால் 24 மணி நேரம் தாங்கும்.

காலையில் குட்டியை எடுத்து வயிற்றைப் பாருங்கள். உருண்டு திரண்டு, தோல் வழியே வெள்ளையாகப் பால் தெரிந்தால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, தொட்டதும் துள்ளிக் கத்தினால் பட்டினி. அப்போது தாயைப் பெட்டிக்குள் விட்டு, முதுகைத் தடவியபடி ஐந்து நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாள் இப்படிச் செய்தால் பெரும்பாலான தாய்கள் பழகிவிடும். மனித வாசனை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் வேண்டாம். கையில் தாயின் உடம்பு வாசனை ஏறும்படி முதலில் அதைத் தடவிவிட்டு, பிறகு குட்டியைத் தொட்டால் போதும்.

காம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, கட்டிபட்டு, சிவந்திருந்தால் மடிநோய். அந்தத் தாய் வலியால் பால் தராது. கால்நடை மருத்துவரிடம் போகும்வரை அதன் குட்டிகளை வேறு தாயிடம் விடாதீர்கள், நோய் பரவும்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு முன்பின் ஆகும். 28-ஆம் நாள் பெட்டி வையுங்கள். முன்னதாக வைத்தால் அதில் மூத்திரம் பெய்து நாசமாக்கிவிடும். நீளம் 22 அங்குலம், அகலமும் உயரமும் 12 அங்குலம். வாசல் பக்கம் மட்டும் 6 அங்குல உயரம் இருந்தால், காம்பைப் பிடித்தபடியே வெளியே வரும் குட்டி தடுக்கி உள்ளேயே விழும். அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். சின்னதாக நறுக்கிய வைக்கோல் அல்லது காய்ந்த அருகம்புல் பரப்புங்கள். நீளமான தேங்காய் நார், சாக்கு நூல், பஞ்சு எதுவும் போடாதீர்கள். இழை குட்டியின் காலில் சுற்றி இறுக்கி, கால் கறுத்துப்போகும்.

பாலுள்ள காம்பு பெரும்பாலும் எட்டுதான். பத்துக் குட்டி போட்டால் மிச்சத்தைக் குறைவாகப் போட்ட தாயிடம் மாற்றுங்கள், வயது வித்தியாசம் இரண்டு மூன்று நாளுக்குள் இருக்கட்டும். இதற்காகவே இரண்டு பெட்டைகளை ஒரே நாளில் சேர்ப்பது நல்ல பழக்கம்.

குட்டியைத் தின்னும் தாயைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அநேகமாகக் காரணம் தாகம்தான். பால் தரும் பெட்டைக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், கோடையில் இன்னும் அதிகம். நாய், பூனை, பட்டாசுச் சத்தம் அடுத்த காரணம். தீபாவளி வாரத்தில் குட்டி வராதபடி சேர்க்கை நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காட்டு முயலைப் பிடித்து வீட்டு முயலோடு சேர்த்தால் வீரியமான குட்டி வருமா?
– வாசகர், திருமுட்டம்

வராது. இரண்டும் வேறு வேறு பேரினம். வீட்டு முயலுக்குக் குரோமோசோம் 44, காட்டு முயலுக்கு 48. அதோடு, காட்டு முயலைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எங்களிடம் கடலைக்கொடியும் சவுண்டல் தழையும் நிறைய. கடலைப் பிண்ணாக்கும் வீட்டிலேயே உண்டு. ஆனால் தாயைப் பிரித்த பத்து நாளில் குட்டிகள் வயிறு உப்பிச் சாகின்றன.
– வாசகர், பண்ருட்டி

கடலைக்கொடி அருமையான நார்த்தீனி. பூஞ்சணம் இல்லாமல் காய்ந்தது என்றால் தினமும் கொடுக்கலாம். சவுண்டலில் மைமோசின் என்ற நச்சு உண்டு. பசுந்தழையில் கால் பங்குக்கு மேல் போனால் முடி கொட்டும், பெட்டை சினை பிடிக்காது. வேலிமசால், முருங்கை, அகத்தி, கல்யாண முருங்கை, கோ-4 புல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். எதுவானாலும் மூன்று மணி நேரம் வாட விட்டு, ஈரமில்லாமல் கொடுக்க வேண்டும். தழையோடு எருக்கு, அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி கலந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குட்டிகள் சாவதற்கு மூன்று காரணங்களைச் சந்தேகிக்கலாம். பிண்ணாக்கு முதலாவது. மழைக்காலத்தில் கடலைப் பிண்ணாக்கில் கண்ணுக்குத் தெரியாமலேயே பூஞ்சை வளரும். அதன் நச்சு அஃப்லாடாக்சின். மாடு தாங்கும் அளவை முயலின் ஈரல் தாங்காது. 15 நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, வெயிலில் காய வைத்து, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். கசப்பு வாடை வந்தால் எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது, திடீர்த் தீவன மாற்றம். 35-ஆம் நாள் தாயைப் பிரிக்கும்போது தாயை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள், குட்டிகள் பழைய கூண்டிலேயே இருக்கட்டும். ஒரு வாரத்துக்குப் பழைய தீனியையே கொடுங்கள். சோறு, கஞ்சி, மாவு வேண்டாம். மாவுச்சத்து கூடி நார் குறைந்தால் பெருங்குடல் முனையில் கெட்ட கிருமி பெருகி வாயு கட்டும்.

மூன்றாவது ரத்தக்கழிச்சல் நோய். ஒன்று முதல் மூன்று மாதக் குட்டிகளைத் தாக்கும். புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்தால் தெரிந்துவிடும், மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள். தீனிப் பாத்திரத்தில் புழுக்கை விழாமல் இருந்தாலே பாதி நோய் குறையும். செத்த குட்டியின் ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் இதுதான்.

100 கிலோ அடர்தீவனத்துக்கு ஒரு கணக்கு: மக்காச்சோளம் 30, கம்பு 15, கோதுமைத் தவிடு 28, எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 10, கடலைப் பிண்ணாக்கு 15, தாது உப்பு ஒன்றரை, சாதாரண உப்பு அரை கிலோ. புரதம் 16 சதவீதத்தை ஒட்டி வரும். தூளாகக் கொடுத்தால் மூக்கில் ஏறித் தும்மும், லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தின்னும் அளவே வையுங்கள், மீந்தது புளிக்கும். வளர்ந்த முயலுக்கு 100 கிராம், சினைக்கும் பாலுக்கும் 150 முதல் 200 கிராம், கூடவே 200 கிராமுக்கு மேல் பசுந்தழை.

விடியலில் திராட்சைக் கொத்துப் போல மென்மையான புழுக்கை கிடந்தால் கழிச்சல் என்று மருந்து கொடுத்துவிடாதீர்கள். அது முயல் தானே மறுபடி தின்ன வேண்டிய சத்துப் புழுக்கை.

காதுக்குள் பழுப்பு நிறத்தில் அடை அடையாகப் பொருக்கு. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. பிய்த்து எடுக்கலாமா?
– வாசகி, பரங்கிப்பேட்டை

பிய்க்காதீர்கள், ரத்தம் வரும், வலி தாங்காது. இது காதுச் சொறி, ஒரு உண்ணிப்பூச்சியால் வருவது. மருத்துவரிடம் ஐவர்மெக்டின் ஊசி போடச் சொல்லுங்கள். ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம்தான் அளவு. 1 சதவீத மருந்தில் அது 0.02 முதல் 0.04 மில்லி, இன்சுலின் ஊசியில்தான் அளக்க முடியும். கண்ணளவில் போட்டால் முயல் செத்துப்போகும். 14 நாள் கழித்து மறு ஊசி அவசியம், முட்டையிலிருந்து புதிதாகப் பொரிப்பவை அப்போதுதான் சாகும். பொருக்கின் மேல் தேங்காய் எண்ணெய் விட்டால் ஊறித் தானே உதிரும். ஒன்றுக்கு வந்தால் கொட்டகை முழுவதற்கும் போடுங்கள், கூண்டைத் தீ வாட்டுங்கள். ஊசி போட்ட முயலை எத்தனை நாள் கறிக்கு எடுக்கக் கூடாது என்பதை மருத்துவரிடமே கேட்டு அட்டையில் எழுதி வையுங்கள்.

நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தை முயல் மேல் அடிக்கவே கூடாது. அமாக்சிசிலின், பென்சிலின் போன்றவற்றை வாய் வழியே கொடுப்பதும் கூடாது, குடலின் நல்ல கிருமிகள் அழிந்து ஓரிரு நாளில் முயல் போய்விடும்.

கலிஃபோர்னியன் இனக் குட்டி வாங்கினேன். மூக்கும் காதும் கன்னங்கரேலென்று இருந்தன, இப்போது சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டன. ஏமாற்றிவிட்டார்களா? கண்காட்சிக்குக் கொண்டுபோக முடியுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை

ஏமாற்று என்று சொல்ல முடியாது. இந்த இனத்தில் கருநிறமி உண்டாக்கும் நொதி குளிர்ச்சியான தோலில்தான் வேலை செய்யும். உடம்பில் குளிர்ந்த முனைகள் மூக்கு, காது, பாதம், வால். அதனால் அவை மட்டும் கறுப்பு. சூட்டில் முளைக்கும் முடி வெளுத்து வரும். மார்கழி, தையில் உதிர்ந்து முளைக்கும் முடி கறுத்து வரும். கண்காட்சி குளிர்காலத்தில் என்றால் நம்பிக்கையோடு தயார் செய்யுங்கள். இதே காரணத்தால், பெட்டியில் குளிர் பட்ட குட்டிக்கு உடம்பில் கறுப்புத் திட்டு வரும். அதைக் கலப்பு என்று ஒதுக்காதீர்கள், அடுத்த முடி உதிர்வில் மறையும்.

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத் தரத்தின்படி இந்த இனத்தில் ஆண் சுமார் 4.1 கிலோ, பெட்டை 4.3 கிலோ. நம் சூட்டில் இந்த எடைக்குக் கொண்டுவருவது பெரிய வேலை. எடைக்காகக் கொழுக்க வைத்தால் தாடையின் கீழும் தோளிலும் சதை தொங்கும், மதிப்பெண் போகும். நடுவர் கை வைத்துப் பார்ப்பது இடுப்பைத்தான். முதுகுத்தண்டு கையில் குத்தாமல், பின்பகுதி வால் அடி வரை நிறைந்து உருண்டிருக்க வேண்டும். கறிக்குத் தேர்ந்தெடுப்பதும் இதே குணத்தைத்தான், அதனால் தாய் தந்தைக்கு நிறுத்தும் முயலை இப்படித் தடவிப் பார்த்தே நிறுத்துங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டிக்கொண்டாலோ, வால் கோணினாலோ, சொறி, கட்டி இருந்தாலோ போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அந்தச் சங்கத்தின் போட்டிகளில் இடது காதில் பச்சை குத்திய எண்ணும் கட்டாயம். இங்குள்ள செல்லப்பிராணிக் கண்காட்சிகளுக்கு விதிகளை முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டு வாரத்திலிருந்தே தினம் பத்து நிமிடம் சாக்கு விரித்த மேசையில் உட்கார வைத்துப் பழக்குங்கள். முன்னங்கால் கண்ணுக்கு நேர் கீழே, பின்னங்கால் இடுப்புக்கு நேராக. குளிப்பாட்ட வேண்டாம், ஈரக் கையால் முடியைத் தடவினால் உதிர்முடி வந்துவிடும். போட்டியிலிருந்து திரும்பிய முயலை மூன்று வாரமாவது தனியே வையுங்கள்.

ஒரு நிறுவனம் பத்து முயல் கொண்ட யூனிட்டை விற்று, குட்டிகளை அவர்களே திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது. சேரலாமா?
– வாசகர், விருத்தாசலம்

அவர்கள் கறியை இன்று எந்தக் கடையில், எந்த ஓட்டலில் விற்கிறார்கள் என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். புதிதாகச் சேருபவரிடம் யூனிட் விற்ற காசில்தான் பழையவருக்குப் பட்டுவாடா நடக்கிறது என்றால், ஆள் சேர்வது நின்ற அன்று அதுவும் நின்றுவிடும்.

நீங்களே கணக்குப் போடலாம். 3 பெட்டை, வருடத்துக்கு 4 ஈற்று, ஈற்றுக்கு 5 குட்டி பிழைத்தால் 60 முயல், மாதத்துக்கு 5. தாய் தந்தையின் பங்கையும் சேர்த்தால் 2 கிலோ முயல் ஒன்றுக்கு 8 கிலோவுக்கு மேல் அடர்தீவனம் செலவாகும். அறுத்தால் ஒரு கிலோ சொச்சம் கறி. அந்த 8 கிலோவின் இன்றைய விலையைப் போட்டு, அதற்கு மேல் கிலோவுக்குத் தரத் தயாரான ஐந்து குடும்பம் உங்கள் தெருவில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். பசுந்தழையைச் சொந்தமாக வளர்த்தால் அடர்தீவனத்தில் ஒரு பகுதி குறையும். பயிற்சிக்குக் கடலூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையும், புதுச்சேரிப் பக்கம் என்றால் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகுங்கள்.

வீட்டு முயலை அறுத்துச் சமைத்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. ஏன்?
– வாசகி, நெல்லிக்குப்பம்

வயதா, அவசரமா என்று பாருங்கள். 12 வாரம் முதல் 4 மாதத்துக்குள், 2 கிலோ எடையில் அறுக்க வேண்டும். ஈற்று முடித்த பெட்டை என்றால் குக்கரில் நீண்ட நேரம் வேகட்டும். அறுத்த ஒரு மணி நேரத்தில் தசை விறைக்கும், அப்போது சமைத்தால் எந்த முயலும் கடினம்தான். சுத்தம் செய்து, மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் சமையுங்கள். அறுப்பதற்கு முந்தைய இரவு தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். குடல் காலியாக இருந்தால் வெட்டும்போது கிழிந்து கறி கெடாது. பித்தப்பையை ஈரலிலிருந்து கவனமாக எடுங்கள். கொழுப்பு மிகக் குறைவான கறி என்பதால் வறுவலாகச் செய்தால் காய்ந்துவிடும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் குழம்பாகச் செய்யுங்கள்.

மூத்திரம் செங்கல் நிறத்தில் போகிறது. ரத்தமா?
– வாசகர், வில்லியனூர்

பெரும்பாலும் தழையின் நிறமிதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் வரும். வெள்ளையாகச் சுண்ணாம்பு போலப் படிவதும் இயல்பே. கட்டி கட்டியாக ரத்தம் தெரிந்தாலோ, முக்கி முக்கிப் பெய்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.